குடியம் குகையும் எழுதப்படாத வரலாறும்

கீரப்பாளையத்திலிருந்து எத்திசையில் பத்துக் கல் தொலைவு நடந்தாலும் இயற்கையாய்க் கிடக்கும் ஒரு கல்லைக் காண்பது அரிது. வெள்ளாறு கொண்டுவந்து கொட்டிய வண்டலும், வீராணத்து நீர் பாய்ந்து ஊறிய களியுமே நம் மண். நம் வீட்டு அம்மியும் ஆட்டுக்கல்லும் வெளியூரிலிருந்து வண்டியேறி வந்தவை. மலையென்றால் நாம் அறிந்தது கண்ணுக்கெட்டாத் தொலைவு. குகையென்றால் நாம் அறிந்தது முனிவர் தவமிருந்த கதை. இத்தகைய ஊரின் கல்விக் கழகம் வெளியிடும் வெள்ளிவிழா மலரில் குகையைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று இளைஞர் சிலர் வினவக்கூடும். அவ்வினா முறையானதே. அதற்கு விடை கூறிவிட்டே மேற்செல்வோம்.

வரலாறு என்று நமக்குப் பள்ளியில் கற்பிக்கப்பட்டது பெரும்பாலும் எழுத்தில் இருந்து எடுக்கப்பட்டது. கோயிற் சுவரில் வெட்டிய எழுத்து, செப்பேட்டில் பொறித்த எழுத்து, ஏட்டில் எழுதிய எழுத்து. எழுதியவர் யார், எழுதுவித்தவர் யார் என்பதை நாம் அறிவோம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் ஊர்களின் நிலத்தைக் கணக்கிடுகின்றன. அவற்றில் வரி நீக்கிக் கழிக்கப்பட்ட இடங்களின் வரிசையில் குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரி என்றும் தீண்டாச்சேரி என்றும் காண்கிறோம். அங்கே வாழ்ந்தவர் ஒருவருக்கும் பெயரில்லை. அவர்கள் உழுதது, நட்டது, அறுத்தது எதற்கும் கணக்கில்லை. கழிக்கப்பட்ட நிலமாக மட்டுமே ஆயிரம் ஆண்டுக்கு முன் நம்மவர் எழுத்தில் இடம்பெற்றனர்.

இதைப் படித்த பிறகு, "எங்களுக்கு வரலாறே இல்லையா?" என்று நம் பிள்ளைகள் கேட்கின்றனர். எழுத்தொன்றே சான்று என்று கொண்டால் விடை கூறுவது கடினந்தான். ஆனால் தமிழகத்தில் கிடைத்த எழுத்தின் வயது ஏறத்தாழ 2,600 ஆண்டுகளுக்கு மேற்செல்வதில்லை. மனிதர் இந்நிலத்தில் வாழ்ந்த காலமோ அதைப்போல் பன்னூறு மடங்கு. அவ்வளவு நெடிய காலத்துக்கும் சாட்சியாய் நிற்பது மண் ஒன்றுதான். மண்ணில் கிடக்கும் கல்லுக்கு இன்னார் தொட்டது, இன்னார் தொடாதது என்ற வேறுபாடு தெரியாது. ஆகவேதான் குகையைத் தேடிப் போகிறோம்.

சென்னைக்கு வடமேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் பூண்டி நீர்த்தேக்கம் உள்ளது. அதற்கு அப்பால் அல்லிக்குழி மலைத்தொடர். உயர்ந்த மலையன்று; முட்புதர்க் காடு மூடிய தாழ்ந்த குன்றுகளே. அவற்றின் அடியில் குடியம் என்னும் சிற்றூர். முன்னர்ச் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1997ஆம் ஆண்டு முதல் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஊரிலிருந்து காப்புக்காட்டு வழியே பரற்கல் உறுத்த நடந்து சென்றால், குன்றின் பக்கத்தில் பாறை உள்வாங்கிக் கூரைபோல் கவிந்து நிற்பதைக் காணலாம். இருள் அடைந்த சுரங்கம் போன்ற குகை அன்று; முன்புறம் திறந்த பெருங்கூடம் எனலாம். மழைக்கு ஒதுங்கவும், வெயிலுக்கு ஒதுங்கவும் ஏற்ற இடம். கூரையில் தேனடைகள் தொங்கும். உரத்துப் பேசாமல் இருப்பது நலம். இவ்வட்டாரத்தில் இதுபோன்ற பாறை ஒதுக்கிடங்கள் பதினாறு உள்ளன என்பர்.

அக்குகையின் கூரையையும் சுவரையும் உற்று நோக்குதல் வேண்டும். அது ஒரே பாறையன்று. முட்டையளவும் தேங்காயளவும் உள்ள உருண்டைக் கற்கள் பல கோடியாண்டுகளுக்கு முன் ஆற்றில் உருண்டு வந்து, மணலோடு சேர்ந்து இறுகிக் கூழாங்கல் திரளைப் பாறை ஆயின. கொத்துவேலைக்காரர் சல்லிக் கற்காரை போட்டது போன்ற தோற்றம். அவ்வுருண்டைக் கற்களிற் பெரும்பாலானவை குவார்ட்சைட் என்னும் கடினக் கல். பாறை தேயத் தேய அவை உதிர்ந்து கீழே விழுகின்றன. கருவி செய்வதற்கு இதனினும் சிறந்த கல் அவ்வட்டாரத்தில் இல்லை. ஒதுங்க நிழலும், கருவிக்குக் கல்லும், சற்றுத் தொலைவில் கொற்றலையாற்று நீரும் ஒருங்கே அமைந்தமையால், பழைய மாந்தர் இவ்விடத்தை ஏன் விடாமல் பற்றினர் என்று வியக்க வேண்டுவதில்லை.

இதனை உலகுக்கு அறிவித்தவர் இந்திய நிலப்பொதியியல் ஆய்வுத் துறையில் பணிபுரிந்த இராபர்ட் புரூசு பூட்டு என்னும் ஆங்கிலேயர். 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், சென்னையை அடுத்த பல்லாவரத்தில் சரளை தோண்டிய குழியொன்றில் மனிதன் செதுக்கிய கல்லொன்றை அவர் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் வில்லியம் கிங்கு என்பவருடன் கொற்றலையாற்றங்கரை அத்திரம்பாக்கத்தில் கைக்கோடரிகளைக் கண்டார். குடியம் குகைகளையும் முதலில் இனங்கண்டு குறித்தவர் அவரே. மனிதன் விவிலியக் கணக்குக்கும் மிக முற்பட்டவன் என்பதை ஐரோப்பிய அறிஞர் ஒப்புக்கொண்டதே 1859இல்தான். அடுத்த நான்கே ஆண்டில் தமிழ் மண் அதற்குச் சான்றளித்தது. பூட்டு திரட்டிய கற்கள் 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. எழும்பூருக்குச் செல்லும் நம் பிள்ளைகள் செப்புத் திருமேனிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் அவற்றையும் பார்த்து வருதல் வேண்டும்.

குகையின் தரையை முறைப்படி அகழ்ந்தது அதற்கு நூறு ஆண்டு கழித்து. இந்தியத் தொல்லியல் துறையைச் சேர்ந்த கே.டி. பானர்ஜி என்பார் 1962 முதல் 1964 வரை அங்கே அகழாய்வு நடத்தினார். அகழாய்வு என்பது கிணறு தோண்டுவது போன்றதன்று. மேல்மண்ணை முதலில் நீக்கி, அதன் நிறமும் தன்மையும் மாறும் இடத்தில் நிறுத்தி, அங்குள்ள பொருள்களைக் குறித்த பின்னரே அடுத்த அடுக்குக்குச் செல்வர். கலைக்கப்படாத மண்ணில் மேலே உள்ளது பிந்தியது, அடியில் உள்ளது முந்தியது. நம் ஊர்க் குப்பைமேட்டை வெட்டிப் பார்த்தால் மேலே நெகிழித் தாளும், அதன்கீழ் அலுமினியப் பாத்திரத் துண்டும், அடியில் மட்பாண்ட ஓடும் கிடைக்கும் அல்லவா? கணக்கு அதுவே.

குடியத்தில் அவ்வாறு கிடைத்தவை யாவும் கல்லே. கீழடுக்கில் அச்சூலியம் என்று அறிஞர் பெயரிட்ட மரபின் பிற்பகுதியைச் சார்ந்த கருவிகள்; கைக்கோடரி அம்மரபின் அடையாளம். அதற்கு மேல் இடைப் பழங்கற்காலத்துச் செதிற் கருவிகள். அதற்கும் மேல் நகத்தளவேயுள்ள நுண்கருவிகள். ஒரே கூரையின்கீழ் மூன்று காலத்துக் கைவேலை ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்து கிடந்தது. இக்குகையின் சிறப்பு அதுவே.

அக்கைவேலையைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். "கல்லைக் கல்லால் தட்டினான், அது உடைந்தது, கருவியாயிற்று" என்று பாடநூல்கள் இரண்டு வரியில் முடித்துவிடுகின்றன. அம்மி கொத்தும் தொழிலாளியைப் பார்த்தவர் அவ்வாறு கூறமாட்டார். அவர் அம்மியின் முன் அமர்ந்ததும் உளியை எடுப்பதில்லை. முதலில் கல்லை விரலால் தட்டி ஓசை கேட்கிறார். வெடிப்பு இருந்தால் ஓசை மங்கும். பின் உளியைச் சாய்க்கும் கோணத்தை முடிவு செய்கிறார். ஓங்கி அடித்தால் அம்மி பிளக்கும், மெல்ல அடித்தால் பொளி விழாது. கைக்கோடரி செய்தவனும் இவற்றையெல்லாம் அறிந்திருந்தான். உருண்டைக் கல்லின் ஒரு பக்கம் தட்டிச் செதில் எடுத்து, கல்லைத் திருப்பி மறுபக்கம் தட்டி, இருபுறமும் ஒத்துவரும்படி இலை வடிவில் கொணர்ந்தான். முடிவில் வரவேண்டிய வடிவம் முதல் அடியிலேயே அவன் மனத்தில் இருந்திருக்க வேண்டும். இடைப் பழங்கற்காலத்தில் முறை மாறியது. மூலக்கல்லை முன்னரே பண்படுத்தி வைத்து, ஒரே அடியில் வேண்டிய வடிவச் செதிலைப் பெயர்த்தெடுத்தனர். நுண்கருவிக் காலத்திலோ சிறு சில்லுகளை மரத்திலும் எலும்பிலும் பதித்து அம்பும் கத்தியும் ஆக்கினர். சில்லு முறிந்தால் அதை மட்டும் மாற்றினாற் போதும். கைத்தொழிலை இழிவென்று ஒதுக்கிய சமுதாயத்தில் வளர்ந்த நாம், மனித அறிவின் முதற்பத்திரம் கைத்தொழிலிலேயே எழுதப்பட்டது என்பதை மறத்தல் ஆகாது.

இனி, "நெடுங்காலம் பயன்பட்டது" என்பதன் பொருளை ஆராய்வோம். பல்லாயிரம் ஆண்டும் மக்கள் அங்கே இடைவிடாமல் குடியிருந்தனர் என்று சிலர் எழுதிவிடுகின்றனர். சான்று அவ்வாறு கூறவில்லை. குகைத் தரையில் கருவிகள் நெருக்கமாகக் கிடைக்கவில்லை. தங்கி வாழ்ந்த இடத்தில் எதிர்பார்க்கும் உணவுக் கழிவு, அடுப்புச் சாம்பல் ஆகியவையும் குவிந்து காணப்படவில்லை. ஆகவே மக்கள் வந்து ஒதுங்கினர், கருவி செய்தனர், வேட்டைக்கோ நீருக்கோ அகன்றனர், மீண்டும் வந்தனர் என்றே கொள்ளுதல் பொருந்தும். நம் களத்துமேட்டை எண்ணிப் பாருங்கள். ஆண்டில் அறுவடை நாள்களில்தான் அங்கே ஆளரவம். மற்ற நாள்களில் ஆடு மேயும். ஆயினும் பாட்டன் அடித்த களத்திலேயே பேரனும் கதிர் அடித்தான். நெடுங்காலப் பயன்பாடு என்பது இதுவே. குடியம் குகையின் வெறுமையான நாள்கள் நிறைந்த நாள்களை விடப் பல மடங்காக இருந்திருக்கும்.

உண்மையாகவே குடியிருந்த குகையையும் காண விரும்புவோர் கடல் கடந்து இலங்கைக்குச் செல்லலாம். சீன யாத்திரிகர் பாகியான் பெயரால் வழங்கும் பாகியங்கலைக் குகையிலும், குருவிட்டைக்கு அருகிலுள்ள பட்டதொம்பலென என்னும் குகையிலும் மனித எலும்புகளே கிடைத்துள்ளன. பாகியங்கலையில் ஏறத்தாழ 48,000 ஆண்டுக்கு முன் தொடங்கி 4,000 ஆண்டுக்கு முன் வரை, இடையிடையே விட்டு, மக்கள் வாழ்ந்துள்ளனர். மழைக்காட்டில் குரங்கையும் மலையணிலையும் எலும்பு முனை பொருத்திய அம்பால் வேட்டையாடினர். கடற்கிளிஞ்சலில் மணி செய்து அணிந்தனர். வடக்கே மத்தியப் பிரதேசத்துப் பிம்பேட்காவிலும் பழங்கற்காலம் முதல் வரலாற்றுக் காலம் வரை மக்கள் பாறை நிழலை விடாது பயன்படுத்தினர். வாகன்கர் 1957இல் கண்ட அவ்விடத்தை 2003இல் யுனெசுகோ உலக மரபுச் சின்னமாக்கியது. எலும்பும் ஓவியமும் இல்லாத குடியம் இவற்றின் பக்கத்தில் எளியதாய்த் தோன்றும். ஆயினும் காலத்தால் மூத்தோர் வந்து சென்ற இடம் அது.

எவ்வளவு மூத்தோர்? இதற்கு அண்டையிலுள்ள அத்திரம்பாக்கம் விடை தருகிறது. சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோரின் குழுவினர் 1999 முதல் அங்கே ஆழக் குழியிட்டு ஆய்ந்தனர். மண் படிந்தபோது பூமியின் காந்தத் திசை எப்புறம் இருந்தது என்பதை ஒருபுறம் அளந்தனர். மறுபுறம், வெளியில் கிடக்கும் கல்லில் விண்கதிர் பட்டு நுண்ணளவில் உண்டாகும் அலுமினிய, பெரிலியத் தனிமங்கள் அக்கல் மண்ணில் புதைந்த பின் எவ்வளவு தேய்ந்தன என்று கணக்கிட்டனர். 2011இல் வெளியான முடிவின்படி அங்குள்ள மிகப் பழைய கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகட்கு முற்பட்டவை. எவ்வளவு குறைத்து மதிப்பிட்டாலும் பத்து இலட்சத்துக்குக் கீழே வரமாட்டா. 2018இல் வெளியான மற்றோர் ஆய்வின்படி இடைப் பழங்கற்காலக் கருவிமுறை அங்கே 3,85,000 ஆண்டு அளவில் தோன்றிவிட்டது. குடியத்தின் கீழடுக்கு அச்சூலிய மரபின் பிற்பகுதி ஆகையால், 15 இலட்சம் என்ற எண்ணை அப்படியே அக்குகையின் தலையில் ஏற்றுதல் பிழை. மேடைகளில் இப்பிழையைச் செய்வோர் பலர்.

எண்ணைக் கேட்டதும் நெஞ்சு நிமிர்கிறது. நிமிரட்டும். ஆனால் இவ்விடத்தில்தான் நாம் கவனமாய் இருத்தல் வேண்டும். 1922ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா முயற்சியால் ஆதிதிராவிடர் என்னும் பெயர் அரசால் ஏற்கப்பட்டது. இழிவுப் பெயரை எறிந்துவிட்டு எடுத்த பெயர் அது. 'ஆதி' என்னும் அச்சொல்லைக் குகையோடு இணைத்து, "குடியத்தில் வாழ்ந்தவர் எங்கள் மூதாதையர், ஆகவே இந்நிலம் எங்களது" என்று பேசுவோர் நம்மிடையே உண்டு. அவர்களின் ஆர்வத்தை நாம் மதிக்கிறோம். அவர்களின் வாதத்தை ஏற்க இயலவில்லை. இன்றைய மனித இனம் ஆப்பிரிக்காவில் தோன்றியதே ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆண்டுக்கு முன்னர்த்தான். அத்திரம்பாக்கத்து முதல் கைக்கோடரியைச் செய்தவர் நம் இனத்துக்கு முற்பட்ட வேறு மனித இனத்தவர். அவர் தமிழர் அல்லர்; திராவிடர் அல்லர்; எச்சாதியாரும் அல்லர். அவர்களைப் பங்காளி என்று உரிமை கொண்டாட ஆதிதிராவிடர்க்கும் இயலாது, அந்தணர்க்கும் இயலாது. நம் வாதம் பொய்யில் நின்றால், அப்பொய்யை உடைப்பவன் நம் உரிமையையும் சேர்த்து உடைப்பான்.

அவ்வாறாயின் குகையால் நமக்கு ஆவது என்ன? சாதி என்பது தொன்றுதொட்டு வருவது, படைப்பிலேயே வகுக்கப்பட்டது என்று நம்மை நம்பச் செய்தனர். மனித மரபணுக்களை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட அறிஞர், இந்நாட்டு மக்கள் ஏறத்தாழ 4,200 ஆண்டு முதல் 1,900 ஆண்டுக்கு முன் வரை பெரிதும் ஒருவரோடொருவர் கலந்தனர் என்றும், அதன் பின்னரே அகமண வேலி இறுகியது என்றும் கண்டனர். தீண்டாமை ஏறத்தாழ கி.பி. 400 அளவில் தோன்றியது என்று அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அவர் காலத்தில் இம்மரபணு ஆய்வு இல்லை. இருவேறு வழியில் சென்றவர்கள் அருகருகே வந்து நிற்பது நினைக்கத்தக்கது. மண்ணடுக்கின் அளவையில் வைத்தால் சாதியின் வயது மேல்மண்ணில் ஒரு விரற்கடை கூடத் தேறாது. குடியம் குகையில் ஒதுங்கியவர்களுள் இன்னாருக்கு உட்புறம், இன்னாருக்கு வெளிப்புறம் என்று பிரித்த கோடு எதுவும் தரையில் கிடைக்கவில்லை.

அக்குன்றுப் பக்கங்களில் இன்று இருளர் வாழ்கின்றனர். நம் கிள்ளை, பிச்சாவரம் பக்கத்திலும் அவர்கள் உண்டு. பாம்பும் மூலிகையும் எலிவளையும் அறிந்த அவர்களைச் சில நூல்கள் கற்காலத்தின் எச்சம் என்று எழுதுகின்றன. இது மிகவும் தவறு. அவர்களும் நம்மைப் போலவே இக்காலத்து மக்கள். நிலப்பட்டாவும் சாதிச் சான்றிதழும் கேட்டு அலுவலக வாயிலில் நிற்கும் குடிமக்கள். அவர்களிடம் காட்டைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அவர்களையே காட்சிப்பொருள் ஆக்குதல் தகாது.

நம் பழைய தென்னார்க்காட்டு மாவட்டமும் இவ்வகையில் வறியதன்று. 1993இல் பிரிந்து விழுப்புரம் மாவட்டமான பகுதியில் கீழ்வாலையிலும் செத்தவரையிலும் பாறையில் தீட்டிய பழைய ஓவியங்கள் உள்ளன. கீழ்வாலையில் செங்காவி உருவங்கள். செத்தவரையில் மானும் மீனும் மனிதக் கையும். செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தி கல்லில் உள்ளது. திருக்கோவலூர்ப் பக்கத்துச் சம்பையில் 1981இல் கண்ட கல்வெட்டோ, அதியமான் நெடுமான் அஞ்சி பாளி ஒன்றைக் கொடையாக ஈந்ததைக் கூறுகிறது. பாளி என்பது துறவியர் தங்கும் குகை. யாரும் வந்து ஒதுங்கிச் சென்ற பாறை நிழல், இப்போது ஒருவர் கொடுக்க மற்றவர் பெறும் உடைமை ஆயிற்று. கொடுத்தவன் பெயர் நின்றது. அங்கே அதற்கு முன்னர் மழைக்கு ஒதுங்கியவர் யார் என்பதைக் கல்வெட்டு கேட்கவில்லை. கேட்கவேண்டிய கடமை நமக்கு உண்டு.

கேட்பதற்குக் கற்றுக்கொள்ளுதல் வேண்டும். அகழாய்வு எங்கே நடந்தாலும் குழியில் இறங்கி மண்ணை வெட்டுபவரும் கூடையைச் சுமப்பவரும் உள்ளூர்க் கூலி மக்களே. அவர்களுள் நம்மவர் பலர். மண்ணின் நிறம் மாறுவதை முதலில் உணர்வது அவர்களின் மண்வெட்டிதான். ஆயினும் குழியின் மேல் நின்று குறிப்பேட்டில் எழுதுபவருள் நம்மவர் சிலரே. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வரலாறு படித்தால் வேலை கிடைக்காது என்று பெற்றோர் அஞ்சுவது நமக்குத் தெரியும். நாமும் அவ்வாறு அஞ்சியவர்களே. இருப்பினும் ஆண்டுக்கு ஓர் இளைஞராவது தொல்லியலோ நிலப்பொதியியலோ கற்க முன்வந்தால், அவருக்குரிய நூல்களைக் கழகத்து நூலகம் வாங்கித் தருதல் வேண்டும் என்பது நம் கருத்து.

காலமும் அதிகம் இல்லை. பாறை ஓவியம் உள்ள குன்றுகளைச் சல்லிக்காக உடைக்கும் வேலை பல இடங்களில் நடக்கிறது. வெடி வைத்த குன்றில் மண்ணடுக்கைப் படிக்க இயலாது. ஓவியத்தின் மேல் சுண்ணாம்பால் தம் பெயரை எழுதிச் செல்வோரும் உளர்.

குடியம் செல்ல விரும்பும் உறுப்பினர்கள் திருவள்ளூர் வரை இருப்பூர்தியிலும், அங்கிருந்து பூண்டி வழியே பேருந்திலும் செல்லலாம். பூண்டியில் தொல்பழங்கால அகழ்வைப்பகம் உள்ளது. குகைக்குப் போகும் முன் அதனைப் பார்த்துவிட்டால் காலடியில் கிடப்பது வெறுங்கல்லா, செதுக்கிய கல்லா என்று ஓரளவு பிரித்தறியலாம். காட்டில் நிழலும் கடையும் இல்லை. வனத்துறையின் இசைவும் குடிநீரும் வேண்டும். கண்ணிற் படும் கற்கருவியை எடுத்துவரக் கூடாது; இடம் பெயர்ந்த கல்லுக்குப் பேச வாயில்லை. குகையினுள் ஊரார் வழிபடும் அம்மன் இருப்பிடம் ஒன்று உள்ளது. செங்கல்லும் மஞ்சளும் குங்குமமும் அங்கே காணலாம். கைக்கோடரி செய்தவர் அமர்ந்த அதே கூரையின்கீழ் இன்றும் சிலர் விளக்கேற்றிவிட்டு, வெயில் தாழும் வரை உட்கார்ந்திருந்து, பின் ஊர் திரும்புகின்றனர்.